எல்லைக்குக் கீழே கேட்ட குரல்

நேற்று கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் நின்றிருந்தேன். சார்ஜர் செருகும் இடம் தளர்ந்துவிட்டது. "வெச்சிட்டுப் போங்க சார், சாயங்காலம் வாங்க" என்றார் கடைக்காரர். வைத்துவிட்டுப் போனால் உள்ளே இருக்கும் நல்ல சாமானை எடுத்துவிட்டு வேறு எதையாவது மாட்டிவிடுவார்கள். நான் நகரவில்லை. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு சால்டரிங் அயர்னை ஈயம் ஒட்டவைக்கும் பசையில் தொட்டார். புகை எழுந்தது. பசை கருகும் அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் வலது கை நினைவுக்கு வந்தது. உலைப்பொறி பட்டுப் புள்ளி புள்ளியாக வெளுத்திருந்த கை. அயர்னைப் பிடித்தால் அது ஆடாது.

நான் இப்படிக் கடையில் காவல் நிற்பதைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். "ஒரு ஆளையாச்சும் நம்பித் தொலையேன்பா" என்பாய். உன்னைக்கூட நான் நம்பவில்லை என்பதைத்தான் இந்த மடலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நமக்கு ஒரே வயது. நான் இயற்பியலில் எம்.எஸ்சி. தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் பதினேழு வருஷம் ஒரே நாற்காலி. மேலாளரின் மைத்துனன், மைத்துனனின் சிநேகிதன் என்று பின்னால் வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போனார்கள். அவர்கள் பெயர்களை இப்போதும் வரிசை மாறாமல் சொல்வேன். நீ ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரும்பு உருக்காலையில் எலக்ட்ரீஷியன். ஆரணிப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பத்தில் முதல் மாதச் சம்பளம் உன்னுடையது.

நம்மைச் சேர்த்தது ஹாம் ரேடியோ. தேர்வு எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, சொந்தமாக ஏரியல் கட்டி, முகம் தெரியாதவர்களோடு வானலையில் பேசுவது. எனக்கு அது பொழுதுபோக்கு. நீ மோர்ஸ் தந்திக் குறித் தேர்வில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறினாய். அந்த உரிமத்தைச் சட்டம் போட்டு, கல்யாணப் படத்துக்கு மேலே மாட்டியிருந்தாய். "கம்பெனில டேய்ங்கறான். ஊர்ல இன்னார் புள்ளைங்கறான். மைக்கப் புடிச்சா மட்டும்தான் சார்ங்கறான்" என்று ஒருநாள் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்.

கம்ப்யூட்டரையே ரேடியோவாக்கலாம் என்ற செய்தி அப்போதுதான் நம் பக்கம் வந்தது. உள்ளங்கை அளவு போர்டு ஒன்று போதும். அது வானலையைச் சத்தமாக மாற்றி சவுண்ட் கார்டுக்குள் அனுப்பும். மற்ற வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இணையத்தில் போட்டிருந்த வரைபடத்தை நான் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து வந்தேன். நீ ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினாய். எந்த அலைவரிசையில் கேட்கும் என்பதைத் தீர்மானிக்கும் கிறிஸ்டல், படத்தில் கேட்டிருந்தது, எங்கும் இல்லை. கழித்துப்போட்ட பெட்டி ஒன்றைக் கிளறி, கிட்டத்தட்டப் பொருந்துகிற ஒன்றை எடுத்து வந்தாய். அதனால் நம் ரிசீவர் கேட்கும் அலைவரிசைகளின் நடுப்புள்ளி வேறு யாருடைய ரிசீவரிலும் இல்லாத ஓர் எண்ணில் விழுந்தது. ஹாம்களுக்கு அனுமதித்த அலைப்பட்டை ஏழு மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. நம் நடுப்புள்ளி அந்த எல்லைக்குச் சற்றே மேலே இருந்தது.

போர்டு முழுக்க நீ சால்டர் செய்தாய். அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் கம்பியை மட்டும் நான் செய்தேன். எல்லாவற்றையும் நீயே செய்துவிட்டால் நாளைக்கு உன் ரிசீவர் என்று சொல்லிக்கொள்வாய் என்று எனக்குள் ஓர் எண்ணம். ஆனால் நீ அதை என் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாய். ஏன் வைத்தாய் என்று அதற்கும் ஒரு வாரம் யோசித்தேன்.

முதல் நாள் திரையில் நிலையங்கள் எல்லாம் வெளிச்சக் கோடுகளாக வழிந்தன. யார் பேசினாலும் ஒரு கோடு தடிக்கும், நிறுத்தினால் மெலியும். "காதால கேக்கறத கண்ணால பாக்கறோம்பா" என்று என் நாற்காலியைத் தள்ளிவிட்டு நீ உட்கார்ந்தாய். உனக்கு இருந்த சந்தோஷம் எனக்கு இல்லை. நான் அப்போதே யார் யார் எங்கே எதைப் பேசுகிறார்கள் என்று தேட ஆரம்பித்திருந்தேன்.

தினமும் காலை ஆறரைக்கு நம் வட்டாரத்து ஹாம்கள் ஓர் இடத்தில் கூடிப் பேசுவார்கள். அதை நெட் என்போம். ஓர் ஆடி மாதக் காலையில் நான் அதில் கலந்துகொள்ளாமல் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லைக்குக் கீழே, யாரும் பேசக்கூடாத இடத்தில், மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அங்கே திருப்பினேன். வாத்து கத்துவது போலக் கேட்டது. குரலை அலையில் ஏற்ற லோயர், அப்பர் என்று ஒன்றுக்கொன்று தலைகீழான இரண்டு விதம் உண்டு; நம் பட்டையில் எல்லோரும் லோயர் சைடுபேண்டில் பேசுவோம். மென்பொருளை அப்பருக்கு மாற்றியதும் குரல் தெளிந்தது. உன் குரல்.

"ஆமாமா... இல்லபா, அவுரு அப்டித்தான்... உடு, நான் பழகிக்கினேன்."

நீ பேசினாய், நிறுத்தினாய், சிரித்தாய். பதில் சொல்பவனின் குரல் கேட்கவே இல்லை. தடை செய்த இடத்தில், எல்லோரும் பேசும் விதத்துக்குத் தலைகீழாக, மறுமுனையை வேறெங்கோ ஒளித்து வைத்துக்கொண்டு பேசுகிறாய் என்று எனக்குப் பட்டது. பேச்சில் வந்த 'அவுரு' நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மேலே, நெட் நடக்கும் இடத்தில், இன்னொரு கோடு தடிமனாக வழிந்துகொண்டிருந்தது. இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் தடித்தன, ஒரே நேரத்தில் மெலிந்தன. இயற்பியல் படித்தவன் நான். இரண்டும் கண்ணெதிரே இருந்தன. நான் ஒன்றைத்தான் பார்த்தேன்.

மூன்று காலைகள் பதிவு செய்தேன். சி.டி.யில் ஏற்றினேன். உரிமம் கொடுக்கும் அரசாங்க அலுவலகத்துக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டினேன். அலைவரிசை, நேரம், அப்பர் சைடுபேண்டு, உரிமத்தோடு உனக்குக் கொடுத்த அழைப்புக் குறி எல்லாம் அதில் இருந்தன. என் பெயர் மட்டும் இல்லை. நம்மூரில் அதற்கு மொட்டைக் கடுதாசி என்று பெயர். கும்மிடிப்பூண்டி முத்திரை விழக்கூடாது என்று பஸ் ஏறிப் பெரியபாளையம் போனேன். ஆடி ஞாயிறு. வேப்பஞ்சேலை கட்டிய கூட்டத்துக்கு நடுவே தபால் பெட்டியைத் தேடிப் போட்டேன். கோயிலுக்குள் போகவில்லை.

ஆறு வாரம் கழித்து, உன் வார விடுப்பு நாளில், பிளாஸ்டிக் கவர் ஒன்றோடு என் வாசலில் வந்து நின்றாய்.

"இன்னா எம்எஸ்சி, ஊட்லதான் கீறியா?"

"வா. என்ன கையில?"

"கெவுருமெண்ட்டு லெட்டரு. எல்லைக்கு வெளிய பேசினேனாம். வெளக்கம் குடுக்கற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதாம். லைசன்ஸ ஏன் ரத்து பண்ணக் கூடாதுன்னு கேட்டுக்கிறான். பதில் எழுத நமக்கு இங்கிலீஷ் பத்தாதுபா. நீதான் எழுதிக் குடுக்கணும்."

நான் எழுதிய வாக்கியங்களில் இரண்டு அந்த நோட்டீசில் அப்படியே இருந்தன. அதை உன் கண்ணெதிரே படிக்க வேண்டியிருந்தது.

"யார் மேல சந்தேகம்?" என்றேன். கேட்ட பிறகுதான் போலீஸ்காரன் கேட்பது போல இருந்ததை உணர்ந்தேன்.

"சந்தேகப்பட்டு இன்னா பண்றது. எவனோ நல்லா படிச்சவன். அப்பருன்னு கரீட்டா எழுதிக்கிறான் பாரு. சும்மா போறவனுக்கு அது தெரியாது."

பிறகு என் மேஜையிலிருந்த காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டாய். பென்சிலால் ஒரு கோடு இழுத்தாய். மேல் முனையில் ஒரு புள்ளி, கீழ் முனையில் ஒரு புள்ளி.

"நான் பேசினது இங்க. நெட்டுல, எல்லார் கூடவும். இவன் கேட்டதா எழுதிக்கிறது இங்க. ரெண்டையும் கூட்டிப் பாதி போடு."

கூட்டினேன். பாதியாக்கினேன். பென்சில் நின்றுவிட்டது. நீ பழைய பெட்டியில் தேடி எடுத்த கிறிஸ்டலின் எண் அது. நம் ரிசீவரின் நடுப்புள்ளி.

"இன்னா வருது?"

சொன்னேன்.

"ம்" என்றாய். நான் போட்டு வைத்த தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாய். "அந்த மாரி ரிசீவர்ல சத்தம் ரெண்டு கம்பில வருது. ரெண்டையும் வெச்சித்தான் எது மேல, எது கீழன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒரு கம்பி வீக்காச்சுன்னா, மேல கீறது கீழயும் தெரியும். கண்ணாடில தெரியற மாரி, இடம் வலம் மாறி. லோயரு அப்பராத் தெரியும். பக்கத்துல கீற ஸ்டேஷனுக்குத்தான் அந்த நெழல் உழும். தூரத்துல கீறவன் கூட நான் பேசினா, என்னுது உழும், அவனுது உழாது. இத படம் போட்டு எழுது. நீ நல்லா எழுதுவ."

"யார் ரிசீவர்னு கேட்டா?"

"அது இன்னாத்துக்கு? எழுதாத."

பதிலை எழுதினேன். என் கடிதத்தை நானே மறுத்து, அதைவிட நல்ல ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். நீ ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாய். பிறகு ரிசீவருக்கு அருகில் போய் உட்கார்ந்து கம்பியை உருவினாய்.

"இந்த ஜாயிண்ட்டு நீ வெச்சதுதான?"

"ஆமா."

"எம்எஸ்சில சால்டரிங் பாடமே கெடையாதா? சாணி அப்பற மாரி அப்பி வெச்சிக்கிறியே."

அயர்னைச் சூடேற்றிப் பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக வைத்தாய். சோதனைக்கு அலை எழுப்பும் சின்ன ஆசிலேட்டர் ஒன்றைப் பக்கத்தில் ஓடவிட்டாய். திரையில் ஒரே ஒரு கோடு. எதிர்ப்பக்கம் சுத்தமாக இருந்தது. கவரை மடித்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாய்.

பதில் ஏற்கப்பட நான்கு மாதம் ஆனது. நான்கு மாதமும் நெட்டில் உன் அழைப்புக் குறி வரும் இடத்தில் ஓர் இடைவெளி விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்கள். போலீஸ் கேஸாம், கடத்தல்காரர்களோடு பேசினானாம் என்று ஒருவர் சொன்னார். அந்த ஆளுங்களுக்கெல்லாம் லைசன்ஸ் கொடுத்தால் இப்படித்தான் என்றார் இன்னொருவர். என் கையில் மைக் இருந்தது. நான் அழுத்தவில்லை. உரிமம் திரும்பிய பிறகு நீ முன்பு போலவே காலை வணக்கம் சொன்னாய். அவர்கள் உன் அழைப்புக் குறியைச் சொல்லி வணக்கம் வைத்தார்கள். அதோடு முன்பெல்லாம் ஒட்டி வரும் அந்த 'சார்' மட்டும் வரவில்லை. நீ அதைக் கவனித்திருப்பாய். நான் கவனித்தேன்.

அன்றைக்கு 'அவுரு' யார் என்று பிறகு நெட்காரர் ஒருவரிடம் சுற்றிவளைத்து விசாரித்தேன். நான்தானாம். எதற்கெடுத்தாலும் கடித்துக் குதறுகிறவனோடு எப்படிப் பழகுகிறீர்கள் என்று யாரோ கேட்டதற்கு நீ சொன்ன பதிலாம் அது. எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பாதி மட்டும் கேட்டவன் நான் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நீ என் வீட்டுக்கு வந்து போனாய். அலைப்பட்டைகளை மாற்றிப் பார்த்தோம். போர்டுக்குப் பெட்டி செய்தோம். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததுதான் என்னை அரித்தது. அந்தக் கணக்கை நீ பொன்னேரியில் உன் வீட்டிலேயே, பஸ் ஏறுவதற்கு முன்பே போட்டுவிட்டாயா? பென்சில் எடுத்ததும் தயங்காமல் கோடு இழுத்தாயே. கூட்டிப் பாதியாக்குகிற கணக்குக்கு என் படிப்பு எதற்கு? என் கையாலேயே அந்த எண்ணை எழுத வைக்கத்தான் வந்தாயா? அல்லது நிஜமாகவே உதவி கேட்டு வந்து, என் மேஜையில்தான் கண்டுபிடித்தாயா? ஒவ்வொரு முறை நீ வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் இன்று கேட்டுவிடுவான் என்று முகத்தைத் தயார் செய்துகொள்வேன். நீ, "இன்னா, டீ போட்டாச்சா?" என்பாய்.

பிறகு உன் சிறுநீரகம் கெட்டது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முகம் வீங்கியிருந்தது. உன் மனைவி ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு கீழே போனாள். நெட்டைப் பற்றி, மழையைப் பற்றி, என் ஆலையில் புதிதாக வந்த மேலாளரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் என்னையே பார்த்தாய்.

"இன்னா எம்எஸ்சி," என்றாய், "ஏதாச்சும் சொல்லணுமா?"

உன் மனைவி கதவருகே வந்துவிட்டிருந்தாள். அவளைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமில்ல."

நீ தலையை ஆட்டினாய். "சரி, கெளம்பு. பஸ்ஸு பூடும்" என்றாய்.

எனக்கு அதிலும் சந்தேகம். நோயாளிகள் எல்லோரையும் அப்படிக் கேட்பதுதானே, அதில் என்ன இருக்கிறது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கருமாதிக்குப் பிறகு உன் வீட்டுக்குப் போனேன். சட்டம் போட்ட உரிமம் அதே இடத்தில் இருந்தது. அதன் கீழே உட்கார்ந்து, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பது போல உன் மனைவியிடம் கேட்டேன், பார்க்க வந்த எல்லாரிடமும் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டுக்கொண்டிருந்தானா என்று.

அவள் யோசித்தாள். "இல்லண்ணா. யார்கிட்டயும் கேக்கல. ஒங்க கிட்டதான் கேட்டாரு. நான் கதவாண்ட நின்னுக்கினு இருந்தேனே" என்றாள்.

இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன். நீ எல்லாம் தெரிந்துதான் வந்து போகிறாய் என்ற சந்தேகம் ஒன்றுதான் சரியாக இருந்தது. அதை மட்டும் எங்கும் இறக்கி வைக்க முடியவில்லை.