தகப்பனார் கையெழுத்து

ரெட்டியபட்டி,
24-4-1944, திங்கட்கிழமை.

ஆண்டவர் அங்கேயும் இருக்கிறார், இங்கேயும் இருக்கிறார்.

இன்பராணியின் அப்பா அவர்களுக்கு, அன்னப்பாக்கியம் எழுதிக்கொள்வது. நானும் இன்பராணியும் உங்கள் அக்காளும் சுகமாக இருக்கிறோம். கறுப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெட்டை. நீங்கள் இருக்கும் இடத்தின் பெயர் எங்களுக்குத் தெரியாது. எந்த இடமானாலும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம்.

இது நான் உங்களுக்கு எழுதும் நாற்பத்தொன்றாவது கடிதம். போனதையும் வந்ததையும் நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். உங்களிடமிருந்து வந்தது இருபத்தாறு. கடைசிக் கடிதத்தில் பிப்ரவரி 11 என்று தேதி இருந்தது. அதற்குப் பிறகு தபால் தாமதம் போலிருக்கிறது. தபால்காரர் மதார் மைதீன் தெருவில் என்னைக் கண்டாலே, "பட்டாளத்துத் தபாலு எந்த ஊருக்குமே வரலக்கா, ஒங்களுக்கு மட்டும் இல்ல" என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்.

இந்தக் கவருக்குள் மடித்த தாள் ஒன்று இருக்கிறது. அதை இப்போது பிரிக்க வேண்டாம். கடிதத்தை முழுவதும் படித்த பிறகு பிரியுங்கள். ஆனால் என்ன தாள் என்று சொல்லாவிட்டால் நீங்கள் பதறிப்போவீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். மதுரையில் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் சங்கீதம் கற்றுக்கொடுத்துப் பாட்டு வாத்தியாரம்மாவாக அனுப்பும் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. தங்குவதும் சாப்பிடுவதும் அங்கேயே. அதில் இன்பராணிக்கு ஓர் இடம் தருகிறோம் என்கிறார்கள். தகப்பனார் கையெழுத்து வேண்டும். ஜூன் பதினைந்துக்குள் தாள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும்.

உங்கள் கடிதங்களில் மை பூசி மறைக்கிற ஐயா இதையும் திறந்து படிப்பாரானால் அவருக்கும் என் தோத்திரம். ஐயா, இதில் யுத்த சமாசாரம் ஒன்றுமில்லை, வயலின் சமாசாரம்தான். தாளில் மட்டும் மை பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிமேல் எழுதப்போவது நீங்கள் கோபித்துக்கொள்ள வேண்டிய பகுதி. பட்டாளத்துக்குப் புறப்படும்போது நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "வயலினை அவளே வச்சுக்கிடட்டும். வீட்டுல வாசிக்கட்டும், கோயில்ல வாசிக்கட்டும். ஊர்ச் சபையில மேடையேறி உக்கார வேண்டாம்" என்றீர்கள். இரண்டு வருஷமும் அப்படியேதான் நடந்தது. ஞாயிறுதோறும் நம் வேதக்கோயிலில் உங்கள் இடத்தில் உட்கார்ந்து அவள்தான் வாசிக்கிறாள். ஆனால் போன சனிக்கிழமை மத்தியானம் அருப்புக்கோட்டையில் ஒரு கச்சேரியில் வாசித்தாள். நான்தான் அனுப்பினேன், நானும் கூடவே போனேன். மேடை இல்லை. தரையில் ஜமுக்காளம் விரித்துத்தான் உட்கார்ந்தார்கள். நானே போய் முன்கூட்டி விசாரித்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன சொல்லை அந்த அளவுக்காவது காப்பாற்றியிருக்கிறேன்.

அருப்புக்கோட்டையில் நூல்கடை வைத்திருக்கும் தவசியப்பனின் மகள் சோலையம்மாள், இன்பராணியோடு எட்டாம் வகுப்பு வரை படித்தவள். வீணை வாசிக்கிறாள். அவளும் நம் பிள்ளையும், நாகசுரக்காரர் வீட்டு இருளப்பசாமி மிருதங்கமுமாக மூன்று பேர் சேர்ந்து டிசம்பரிலிருந்து பழகினார்கள். மூத்தவளுக்கே பதினேழு வயதுதான். மதுரைப் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சரம்மாள் தவசியப்பன் வீட்டுக்குத் தெரிந்தவர்கள். பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்க அவர்களே வருவதாக எழுதியிருந்தார்கள். அதைச் சொல்ல சோலையம்மாளின் தாயார் நம் வீட்டுக்கே வந்து, "ஒங்க பிள்ள இல்லாம எங்க பிள்ள வாசிக்க மாட்டேங்குது. ரெண்டு பேரையும் ஒண்ணாக் கேக்கட்டுமே" என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். என்னால் மறுக்க முடியவில்லை.

சாயங்காலம் வைக்க மண்ணெண்ணெய் கிடையாது. ரேஷனில் கிடைப்பது அடுப்படி விளக்குக்கே காணாது. அதனால்தான் வெயில் நேரத்தில், இரண்டரை மணிக்கு, நூல்கடை வீட்டுப் பெரிய கூடத்தில் வைத்தார்கள்.

நம் சபையார் பன்னிரண்டு பேர், "நம்ம கோயில் வயலின் டவுனுல வாசிக்கப் போகுது" என்று கிளம்பிவிட்டார்கள். நானும் உங்கள் அக்காளும் சேர்ந்து பதினாலு பேர். பிள்ளை முதல்நாளே போய்விட்டாள். பஸ்ஸு இப்போது பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பு மூட்டித்தான் ஓடுகிறது. மேடு வந்ததும் நின்றுவிட்டது. ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். உபதேசியார் ஜான்ராஜ் வெள்ளைக் கோட்டோடு பின்னால் நின்று தள்ளினார். பஸ்ஸு கிளம்பியபோது அவர் முகத்தில் பாதி கறுப்பு. உங்கள் அக்காள், "உபதேசியாரே, ஒரு பக்கம் மட்டும் பாவம் தங்கியிருக்கு, தொடச்சுக்கிடுங்க" என்றார்கள். துடைக்கத் துடைக்கப் பரவியது. அந்த முகத்தோடுதான் கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கூடம் நிறைந்திருந்தது. ஆனால் பாட்டுக்காரர் இல்லாத கச்சேரியை நம் பக்கம் யாரும் கண்டதில்லை அல்லவா? வீணையும் வயலினும் முக்கால் மணி நேரம் வாசித்த பிறகும் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "எல்லாஞ் சரி, பாடுறவுக எப்ப வருவாக?" என்று கேட்டார். அவர், "மதுரையிலிருந்து வாரது இந்தக் கரி பஸ்ஸிலதான" என்று பதில் சொன்னார்.

வெயிலில் மிருதங்கத் தோல் இறுகிச் சுருதி ஏறிக்கொண்டே போயிற்று. இருளப்பசாமி ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவில் தட்டித் தட்டி இறக்கினான். வயலினில் மெல்லிய தந்தி கச்சேரிக்கு முன்பே அறுந்துவிட்டது. நீங்கள் தகர டப்பாவில் வைத்துவிட்டுப் போன கடைசித் தந்தியைத்தான் கட்டியிருக்கிறாள். யுத்தம் முடியும் மட்டும் வேறு கிடைக்காதாம். அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்ளுங்கள்.

டீச்சரம்மாள் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மடியில் சின்ன நோட்டு, அதில் ஒன்றும் எழுதவுமில்லை. கடைசியில் ஒரு பெரிய கீர்த்தனை வைத்திருந்தார்கள். அதைக் கேட்டுத்தான் முடிவு சொல்லப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். நான் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அது ஆனந்தபைரவி ராகமாம், பழைய கீர்த்தனையாம். எனக்கு அதெல்லாம் தெரியாது. வீணையில் முதல் அடி வந்ததும் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நம் கோயிலில் ஆராதனை முடிவில் எல்லாரும் எழுந்து நின்று பாடுகிறோமே, அந்தப் பாட்டின் மெட்டு அது. அவர்களுக்கு அதில் ஒரு சாமி, நமக்கு நம் ஆண்டவர். பாடுகிறவர் இருந்து அவர்கள் வார்த்தையைப் பாடியிருந்தால் எனக்கு உறைத்திருக்கும். வார்த்தை இல்லாததால் என் காதில் நம் பாட்டுத்தான் கேட்டது. இத்தனை வருஷப் பழக்கம். நான் முக்காடு போட்டுக்கொண்டு எழுந்து, தலை குனிந்து, கண்ணை மூடிவிட்டேன்.

நான் எழுந்ததும் உங்கள் அக்காள் எழுந்தார்கள். உபதேசியார் எழுந்தார். பதினாலு பேரும் எழுந்துவிட்டோம். பின்னால் இருந்தவர்கள் யாரோ பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று நினைத்து அவர்களும் எழுந்தார்கள். கூடம் முழுவதும் எழுந்ததும், கச்சேரி முடிந்தது என்று தவசியப்பன் மாலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். இருளப்பசாமி பயந்துபோய் முடிப்புக்கு வாசிக்கிறதை வாசித்து நிறுத்திவிட்டான். சோலையம்மாள் கை வீணையின் மேலேயே நின்றுவிட்டது. இவ்வளவும் மற்றவர்கள் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாலைந்து மாதமாகப் பிள்ளைகள் காத்திருந்த காரியத்தை நான் ஒருத்தி எழுந்து நின்று கெடுக்கப் பார்த்தேன்.

இன்பராணி நிறுத்தவில்லை. நாங்கள் எதற்கு நிற்கிறோம் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தது அவளுக்கு மட்டும்தான். கோயிலில் பாட்டு ஓய்ந்த பிறகு, எல்லாரும் மௌனமாக ஜெபிக்கும்போது, நீங்கள் அந்த மெட்டை ஒரு தடவை தனியாக வாசிப்பீர்களே, அவளும் தனியாக அதை வாசிக்கத் தொடங்கினாள். அவசரமில்லாமல். கடைசி அடிக்கு முன்னால் வில்லை இழுத்து, ஒரு மூச்சு நேரம் நிறுத்திவிட்டுத்தானே நீங்கள் இறங்குவீர்கள், அந்த இடத்திலும் அப்படியே நிறுத்தினாள். நான் கண்ணை மூடியிருந்ததால் வாசிக்கிறது யார் என்று எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. கண்ணைத் திறக்கவும் மனம் வரவில்லை.

முடிந்ததும் உபதேசியார் கூடமே அதிர "ஆமென்" என்றார். நாங்கள் உட்கார்ந்தோம். எல்லாரும் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எங்கே இருக்கிறோம் என்று எனக்குப் புத்தி வந்தது. ஜமுக்காளத்தைத் தூக்கிவிட்டு அதற்குள் போய்விடலாம் போலிருந்தது. உபதேசியாரின் கறுப்பு முகத்தைப் பார்த்து யாரோ சிரிக்க, கூடம் முழுவதும் சிரித்தது. இன்பராணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சோலையம்மாளுக்குத் தலையசைத்தாள். வீணை மறுபடி எடுத்தது, மிருதங்கம் சேர்ந்துகொண்டது. அதற்கப்புறம் அரை மணி நேரம் மூன்று பேரும் வாசித்தார்கள் பாருங்கள், பயமெல்லாம் சிரிப்போடு போய்விட்டதுபோல் இருந்தது. பாட்டுக்காரர் எப்போது வருவார் என்று கேட்டவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

கச்சேரி முடிந்து கருப்பட்டிப் பானகம் கொடுத்தார்கள். டீச்சரம்மாள் நேராக என்னிடம் வந்தார்கள். திட்டத்தான் வருகிறார்கள் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர்கள், "ஊரே எந்திரிச்சு நின்னும் அந்தப் பிள்ளைக்கு வில்லு நடுங்கல. நான் நோட்டுல எழுத நெனச்சிருந்ததெல்லாம் அதுக்கு மேல எதுக்கு? ரெண்டு பிள்ளைகளையும் எனக்குக் குடுங்க" என்றார்கள். யாரிடம் கற்றாள் என்று கேட்டார்கள். அவள் அப்பாவிடம் என்றேன். அவர்கள் பெயர் என்ன என்று கேட்டார்கள். உங்கள் பெயரை நான் வாயால் சொல்வேனா? பென்சிலை வாங்கி, அவர்கள் நோட்டில் ஏசுவடியான் என்று எழுதிக் காட்டினேன். நல்ல எழுத்து, எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் என்று கேட்டார்கள்.

பள்ளிக்கூடம் எது? உங்களுடைய முதல் மூன்று கடிதங்களையும் உபதேசியார்தான் எனக்கு வாசித்துக் காட்டினார். மூன்றாவது கடிதத்தில் நீங்கள் எனக்கென்று எழுதியிருந்த நாலு வரியை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்ததும், இனி என் கடிதத்தை நானே வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் கடிதங்களைப் பார்த்துப் பார்த்து எழுதித்தான் எழுத்துப் பழகினேன். எட்டு மாதத்தில் வந்துவிட்டது. வேறு யார் எழுத்தையும் நான் பார்த்து எழுதாததால் என் எழுத்தும் உங்கள் எழுத்தும் ஒன்றுபோல் ஆகிவிட்டன. மதார் மைதீன் ஒரு தடவை நான் அனுப்பின கடிதத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணன் தனக்குத்தானே எழுதிக்கிட்டாரோ" என்று கேட்டார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை டீச்சரம்மாள் கொடுத்த அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உங்கள் அக்காள், "எதுக்கு அம்புட்டுத் தூரம் அனுப்பிட்டு, அது எப்ப வரும்னு காத்துக் கெடக்கணும்? நீயே போட்டுரு. ஒன் எழுத்துதான் எந்தம்பி எழுத்தாச்சே" என்றார்கள். உபதேசியாரும் அங்கே இருந்தார். "நான் இதெல்லாம் கேக்கல" என்று காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். கூடாது என்று மட்டும் சொல்லவில்லை.

ஒளிக்க மாட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். அடியில் நீங்கள் இழுக்கிற கோடு உட்பட அப்படியே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் உங்கள் தபால் வந்ததுபோல் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அப்புறம், எழுதினது நான்தானே என்று நினைவு வந்தது. அடுப்பில் வைத்துவிட்டேன்.

ஆகையால் கையெழுத்து இடத்தைக் காலியாகவே விட்டு அனுப்புகிறேன். பிள்ளை ஒரு வார்த்தைகூடச் சொல்லி வற்புறுத்தவில்லை. உங்களை எனக்குத் தெரியும், முதலில் முறைப்பீர்கள், அப்புறம் அந்தக் கடைசி அடியில் அவள் எவ்வளவு நேரம் நிறுத்தினாள் என்று கேட்பீர்கள். அவள் போய்விட்டால் நான் எப்படி இருப்பேன் என்று யோசிக்க வேண்டாம். உங்கள் அக்காள் இருக்கிறார்கள், ஆட்டுக்குட்டிகள் இருக்கின்றன.

மனம் வந்தால் கையெழுத்துப் போடுங்கள். வராவிட்டால், கூடாது என்று பெரிய எழுத்தில் குறுக்கே எழுதுங்கள். திட்டி நாலு பக்கம் எழுதினாலும் எனக்குச் சந்தோஷம்தான், பிள்ளைக்கு நான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் எதுவானாலும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். பக்கத்தில் இருக்கிறவரை எழுதச் சொல்ல வேண்டாம். நோட்டில் இருபத்தேழு என்று எண் போட்டு, எதிரே தேதிக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

ஆண்டவர் உங்கள் வலது கையையும் இடது கையையும் காத்து, வில் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
தங்கள்
அன்னப்பாக்கியம்