இரண்டாவது சோடி வயர்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த ஜீப் நம் வாசலில் வந்து நின்றது, காக்கா. சத்தம் காதுக்கு வருவதற்கு முன்பே உங்கள் தங்கச்சிக்குத் தெரிந்துவிட்டது. அலுமாரிக் கண்ணாடி முதலில் நடுங்கியது. மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் ஓடின. அதன் பிறகுதான் டும், டும் என்று கேட்டது. நீங்கள் பூட்டிக் கொடுத்த வூபர் ஸ்பீக்கர். ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது, இன்னும் ஒரு கரகரப்பு இல்லை.

நாளைக்கு நீங்கள் இறந்து நாற்பதாம் நாள், உங்களுக்காகக் கத்தம் ஓதுகிறார்கள். அதற்கு இறைச்சியும் அரிசி மூட்டையும் கொண்டு ஜீப்பின் சொந்தக்காரரான முதலாளியே வந்திருந்தார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். முதலாளி செருப்பைக் கழற்றாமல் வாசற்படியில் நின்றபடி சொன்னார்.

“நாளைக்குக் கத்தத்துல எல்லார்ட முன்னாலயும் சொல்லிடுறன். அவன் எனக்குச் செஞ்சத நான் ஹலாலாக்கிட்டன். கபுர்ல நிம்மதியாக் கிடக்கட்டும்.”

உம்மா அழுதார். “அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும் முதலாளி. என்ட புள்ளைக்கு இது போதும்.”

மௌத்தான ஒருவர் மேலுள்ள குறையைச் சபையில் வைத்துப் பொறுத்துக்கொள்வது பெரிய உபகாரம் என்று எனக்கும் ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் செய்யாத ஒன்றுக்காக நாளைக்கு ஊர் கூடி உங்களை மன்னிக்கப் போகிறது. அதைச் செய்த நான் அடுப்படியில் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன்.

அதனால்தான் விஞ்ஞானக் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். உம்மா படுத்துவிட்டார். விளக்கின் திரியைக் குறைத்து வைத்திருக்கிறேன். வெளிச்சம் ஓலைக்கீற்றுக்குள்ளால் பக்கத்து வளவுக்குப் போனால்கூட யாராவது கேட்பார்கள் என்று பயமாக இருக்கிறது. எனக்கு எப்போதும் பயம்தான், உங்களுக்குத் தெரியும்.

வீட்டு முன்பக்கத்தில் நீங்கள் வைத்திருந்த ரேடியோத் திருத்தும் கடைக்காக அந்த ஜீப் முதன்முதல் நம் வளவுக்குள் வந்த நாளை நினைக்கிறேன். ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்து, பிறகு கொழும்புக்கு வந்து, அங்கிருந்து முதலாளியிடம் வந்த பழைய ஜீப். பின் சக்கரத்துக்கு மேலே, பக்கத் தகட்டுக்குள், கம்பனியே வைத்துப் பூட்டிய பெரிய ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. பாட்டின் அடிச்சத்தம் மட்டும் அதிலிருந்து வரும். அதன் ஓரத்துப் பஞ்சு உப்புக்காற்றில் உக்கிப்போய், தேத்தண்ணியில் ஊறிய விசுக்கோத்து மாதிரி விரலோடு வந்தது. பாட்டுப் போட்டால் கிழிந்த தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தம்.

“இது முடிஞ்சிது. புதுசுதான் போடணும்” என்றீர்கள்.

“போடு. பழசத் தூக்கி வீசு” என்றார் முதலாளியின் டிரைவர். அந்தச் சொல்லுக்குச் சாட்சி நான் மட்டும்தான். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நாளைக்கு வருகிறவர்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

நீங்கள் கொழும்புக்கு பஸ்ஸில் போய்ப் புதியதை வாங்கி வந்தீர்கள். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறக்கி, பெட்டியைப் பிரித்து, இது என்ன, காந்தம் ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டிருக்கிறார்கள். “ஒரு இடத்துல பாட்டுப் பாடிக் காட்டச் சொன்னானுகள் புள்ள. ஸ்பீக்கர் பாடாது, நான்தான் பாடணும் எண்டன். பாடு எண்டுட்டான்” என்று சொல்லி நீங்கள் சிரித்தீர்கள். உம்மாவும் அன்றைக்குச் சிரித்தார்.

புதியதின் துளைகள் பழைய துளைகளோடு பொருந்தவில்லை. தேயிலைப் பெட்டிப் பலகையில் வளையம் வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கறுப்பு மை பூசி வெயிலில் காய வைத்தீர்கள். வெளியே ஒருவருக்கும் தெரியாத ஒரு வளையத்துக்கு எதற்கு மை என்று கேட்டேன். “எனக்குத் தெரியும்தானே” என்றீர்கள்.

மூன்று நாள் வேலை. நான் பெரியபிள்ளையாகி ஒரு வருசம்கூட ஆகவில்லை. கடைப்பக்கம் தலை காட்டக் கூடாது என்று உம்மா சொல்லியிருந்தார். ஆனால் ஜீப் வளவுக்குள் நின்றது, கேட் பூட்டியிருந்தது, சுற்றிவரத் தகரவேலி. கடைசி நாள் பின்னேரம் என்னைக் கூப்பிட்டீர்கள். “ரெண்டு கையும் எனக்கு வேணும் இதத் தாங்கிப் புடிக்க. நீ உள்ளுக்கு வந்து வயரக் கொழுவு.”

ஜீப்பின் பின்பக்கத்தில் நான் குந்தியிருந்தேன். டோர்ச் லைட்டைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தேன். நீங்கள் அந்தப் பாரத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தீர்கள், கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஸ்பீக்கருக்குப் பின்னால் வயர் கொழுவும் இரண்டு சோடிச் செப்புக் காதுகள். உள்ளே இரண்டு சுருள் இருப்பதால் இரண்டு சோடி. சிவப்புப் புள்ளி போட்ட காதுக்கு வெள்ளைக் கோட்டு வயர், புள்ளி இல்லாததுக்குக் கறுத்த வயர். அவ்வளவுதான். முதல் சோடியைச் சரியாகக் கொழுவினேன்.

அப்போது பள்ளிவாசலில் மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொன்னது.

நான் ஒரு கையால் தலைக்கு முக்காட்டை இழுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, பாங்கு கேட்டால் கை தானாகப் போகும். அந்த இழுவையில் டோர்ச் வாயிலிருந்து விழுந்து, சீட்டுக்கு அடியில் உருண்டு அணைந்துபோனது. வெளியே டிரைவர் வந்து கேட்டைத் தட்டத் தொடங்கினார். “தம்பி, கெதியா! இருட்டினா ரோட்டுல மறிப்பானுகள்!” என்னை அந்த மனிதன் ஜீப்புக்குள் பார்த்துவிடுவானே என்று பயந்தேன். இரண்டாவது சோடியை இருட்டில் தடவித் தடவிக் கொழுவினேன். புள்ளி எங்கே என்று விரலுக்குத் தெரியாது.

“சரியா புள்ள?”

“ஓம் காக்கா.”

அந்த ஒரு சொல்தான். எனக்குத் தெரியவில்லை, வெளிச்சத்தைக் கொண்டு வாங்க என்று சொல்லியிருக்கலாம். நான் ஓம் என்றேன். மறுபக்கத்தால் இறங்கி அடுப்படிக்கு ஓடினேன்.

பாங்கு முடியாமல் பாட்டுப் போட மாட்டீர்கள். முடியும் வரைக்கும் டிரைவர் நிற்க மாட்டார். “கேட்டுப் பாக்காம நான் குடுக்கிறல்ல” என்று நீங்கள் சொன்னது அடுப்படிக்குக் கேட்டது. “நாளைக்கு மாப்பிள்ள ஊர்வலம். ஜீப்ப இங்க வெச்சிட்டு நான் முதலாளிக்கு என்ன மறுமொழி சொல்ற?” என்று அவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

அடுத்த நாள் முதலாளியின் மகனுக்குக் கல்யாணம். ஊர்வலத்தில் அந்த ஜீப் முன்னால் போனது. கதவுகளில் இருந்த சின்ன ஸ்பீக்கர்கள் மட்டும் கீச்கீச்சென்று கத்தின. அடிச்சத்தம் துளியும் இல்லை. பொடியன்மார் பின்னால் நடந்துகொண்டே, “முதலாளிட ஜீப்புக்குத் தடிமன் புடிச்சிருக்கு, கொத்தமல்லி அவிச்சுக் குடுங்க” என்று சந்திக்குச் சந்தி கத்தியிருக்கிறார்கள். பெண் வீட்டாரும் சிரித்தார்களாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பள்ளிவாசலை நடத்தும் மரைக்காயர்கள் இரண்டு பேரையும் டிரைவரையும் கூட்டிக்கொண்டு முதலாளி ஜீப்பில் வந்தார். நான் அடுப்படி மறைப்புக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பழைய ஸ்பீக்கர் உங்கள் கடைத் தட்டில் இருந்தது. ஓரத்துக்குத் துணி ஒட்டிப் பார்க்கலாம் என்று வைத்திருந்தீர்கள்.

“பாத்தீங்களா? கம்பனிச் சாமான் இஞ்ச கிடக்கு. செத்த சாமான் என்ட ஜீப்புல!” முதலாளியின் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“இது கிழிஞ்சது முதலாளி. உங்கட டிரைவர்தான் வீசச் சொன்ன.”

டிரைவர் தரையைப் பார்த்தார். “நான் அப்பிடிச் சொன்ன ஞாபகமில்ல.”

நீங்கள் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய்த் தகட்டைக் கழற்றினீர்கள். ஸ்பீக்கரை வெளியே இழுத்தீர்கள். இரண்டாவது சோடியைப் பார்த்தீர்கள். பிறகு தலையைத் திருப்பி மறைப்புப் பக்கம் பார்த்தீர்கள். ஓலைக்கு இந்தப் பக்கம் நான் நிற்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு கஷ்டப்படமாட்டேன்.

இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொழுவிப் பாட்டைப் போட்டீர்கள். டும் என்று அடித்தது. அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகள் கலகலத்தன. எனக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது, காக்கா. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

பெரிய மரைக்காயர் தாடியைத் தடவினார். “ஒரு வயர மாத்தினா சத்தம் செத்துப் போகுமா?”

“ஒரு சுருள் முன்னுக்குத் தள்ளும், மத்தது பின்னுக்கு இழுக்கும். ஒண்ட ஒண்டு தின்னுடும்.”

“அப்ப உனக்கு இது நல்லாத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு நிமிசத்துல கண்டுபுடிச்சிட்ட. தெரியாமச் செஞ்சவன் இப்பிடிக் கண்டுபுடிப்பானா?”

பிறகு முதலாளி சொன்னார், தன்னுடைய கட்டடத்தில் கடை கேட்டு வந்தீர்கள் என்றும், தான் இல்லை என்று சொன்னதற்குத்தான் இந்த வன்மம் என்றும். எல்லாருக்கும் அது பொருத்தமாக இருந்தது.

“இந்த வயரக் கொழுவினது ஆரு?”

“நான்தான்.”

“வேற ஆரும் கை வெச்சா?”

“இல்ல.”

மறைப்புக்கும் ஜீப்புக்கும் நடுவில் பத்து எட்டுத்தான். நான் ஒரு எட்டும் வைக்கவில்லை.

அன்றைக்கு இரவு உம்மா உங்களிடம் கேட்டார். “ஏன்டா மகன் இப்பிடிச் செஞ்ச? கட தராட்டிப் போகட்டும், ஒரு கல்யாணத்தக் கெடுக்கிறயா?” நீங்கள் கோப்பையில் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டீர்கள். பிறகு கிணற்றடியில் என்னிடம் மட்டும், சத்தம் போடாமல் சொன்னீர்கள்: “வாய மூடிக்கிட்டு இரி. வயசுக்கு வந்த புள்ள ஜீப்புக்குள்ள கிடந்து வேல செஞ்சதெண்டு தெரிஞ்சா ஊர் என்ன கதைக்கும்? எனக்கு ஒரு கட போகும். உனக்கு எல்லாம் போகும்.” கொஞ்சம் நின்று இன்னொன்றும் சொன்னீர்கள். “தெரியாட்டித் தெரியாதெண்டு சொல்லணும் புள்ள. அதுக்கு ஒருத்தரும் அடிக்கிறல்ல.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாம் கதைக்கவே இல்லை.

ரேடியோ திருத்தத் தந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, திருத்தாமலே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு மனிசி உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே மூடியைக் கழற்றி, உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார். நீங்கள் அவருக்கு டோர்ச் அடித்துக் காட்டினீர்கள். நோன்பு முடிந்த கையோடு சவூதிக்குப் போனீர்கள். உங்களுக்குத் தெரியாத வேலை, உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை. விழுந்த செய்தி முதலாளி வீட்டு டெலிபோனுக்குத்தான் வந்தது. அந்தச் செய்தியோடு நம் தெருவுக்குள் வந்ததும் அந்த ஜீப்தான். அன்றைக்குப் பாட்டை நிறுத்தியிருந்தார்கள். உங்களை அங்கேயே அடக்கினார்கள். நாங்கள் ஒரு பிடி மண்ணும் போடவில்லை.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. என் பேரைக் காப்பாற்றிவிட்டு உங்கள் பேரை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்னபடிதான் வாயை மூடியிருக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது வசதியாக இருக்கிறது. பயந்து மூடியிருக்கிறேன் என்பதைவிட வசதி. போன தவணைச் சோதனையில் ஒலிபெருக்கி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கேள்வி வந்தது. வகுப்பிலேயே எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும். விடையை எழுதாமல் வெறுமையாக விட்டுவிட்டேன்.

இந்தக் கொப்பியை உம்மா தொழும் முசல்லா விரிப்புக்குக் கீழே வைத்துவிடலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். விடியச் சுபஹு தொழ எழும்பும்போது கண்டெடுப்பார், முதலாளி சபையில் எழும்பி நிற்பதற்கு முன்பு எல்லாம் தெரிந்துவிடும் என்று. இவ்வளவையும் எழுதிய பிறகுதான் நினைவு வருகிறது. உம்மாவுக்கு குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் வாசிக்கத் தெரியாது. நம் வீட்டுக்கு வருகிற கடிதங்களை நீங்கள்தான் வாசித்துக் காட்டுவீர்கள். சவூதியிலிருந்து நீங்கள் எழுதியதை நான் வாசித்துக் காட்டினேன். இதையும் நான்தான் என் வாயால் வாசிக்க வேண்டும்.

உம்மா எழும்பிவிட்டார். அடுப்படியில் கத்தத்துக்கு அரிசி களையும் சத்தம் கேட்டது. பிறகு அறை வாசலுக்கு வந்து நின்றார். கண் வீங்கியிருந்தது, ஆனால் முகத்தில் இந்த நாற்பது நாளில் இல்லாத ஒரு நிம்மதி. முதலாளி தந்துவிட்டுப் போன நிம்மதி.

“இந்த நேரத்துல என்ன புள்ள எழுதுற? பள்ளிக்கூடப் பாடமா?”

கொப்பியின் மேல் கையை வைத்துக்கொண்டேன். பத்து எட்டுக்கூட இல்லை, காக்கா.

“ஓம் உம்மா” என்றேன்.

உடனே நம்பிவிட்டார்.