ஐந்தாம் வீட்டுத் தேனீக்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. உன் அறைத்தோழிக்குக்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் இந்தத் தாளின் மேல்பாதியில் அம்மாவின் கையெழுத்து இருக்கிறது, அதைக் கிழிக்க உனக்கு மனசு வராது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகம் என்று அம்மா எழுதியிருக்கிறாள். அவள் முழங்கால் வலியையும் வாஷிங் மெஷின் நின்றுபோனதையும் கழித்துவிட்டுப் பார்த்தால் அது சரிதான். கடைசித் தாளில் பாதியை விட்டுவைத்து, "நீயும் அக்காவுக்கு நாலு வரி எழுதுடி, காலையில பார்சல் கட்டணும்" என்று கொடுத்தாள். எனக்கு நாலு வரியில் அடங்காது, அதனால் பள்ளி நோட்டிலிருந்தும் தாள் கிழித்திருக்கிறேன். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கதவிடுக்கில் வெளிச்சம் தெரியாமல் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன்.

நீ கேட்டபடியே அப்பா உன் கட்டுரையை இன்று சனிக்கிழமை வகுப்பில் வைத்துவிட்டார். ஆய்விதழுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவருடைய வகுப்புப் பிள்ளைகள் அதைக் கிழித்துத் தொங்கவிடட்டும் என்று நீதானே சொன்னாய். பெயரைப் பார்த்தால் மரியாதை வந்துவிடும் என்று உன் பெயரையும், கடைசியில் நீ எங்களுக்கு நன்றி சொன்ன வரியையும் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார். அவரிடம் ஆய்வுக் கட்டுரைகளை மதிப்பிடப் பழக வருகிறவர்கள் இப்போதும் அதே மூன்று பேர்தான், நாம் பெயர் வைத்தோமே, முனகல் அண்ணன், தலையாட்டி அண்ணன், சிவப்புப் பேனா அக்கா. சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கே பேசுவது எதுவும் அறையைத் தாண்டக் கூடாது என்பது அப்பாவின் சட்டம், இப்போது அதையும் மீறுகிறேன். முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தலையாட்டி அண்ணன் வழக்கம்போல "மிக அருமையான கட்டுரை" என்று ஒரே வரி எழுதி வந்திருந்தார். "எந்தப் பக்கம் அருமை தம்பி? பக்க எண் போடு, இல்லாட்டி நீ படிச்சேன்னு யார் நம்புவாங்க" என்று அப்பா திருப்பிக் கொடுத்தார். பிறகு சிவப்புப் பேனா அக்கா தன் தாளை எடுத்தார். ஏழு வீட்டுத் தோட்டங்களில் பூசணிப் பூவுக்கு வரும் தேனீக்களை முப்பது நாள் காலையில் எண்ணியிருக்கிறார்கள், பதினேழாம் நாள் விடிகாலையில் பெருமழை என்று கட்டுரையிலேயே இருக்கிறது, அன்று ஆறு வீட்டிலும் சைபர், ஐந்தாம் வீட்டில் மட்டும் இருபத்து மூன்று என்று படித்தார். முனகல் அண்ணன் நிமிராமலே, "அந்த வீட்டுத் தேனீ குடை பிடிச்சுட்டு வந்திருக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதே வீட்டில் பதின்மூன்றிலிருந்து இருபதாம் நாள்வரை ஒரு எண்கூட சைபரிலோ ஐந்திலோ முடியவில்லை, யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள் என்றும் அந்த அக்கா சொன்னார்.

ஐந்தாம் வீடு நம் வீடு, அங்கே உனக்காக எண்ணியது நான். எந்த எண் எந்த வீடு என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது, அப்பாவுக்குக்கூட. ஆனால் என் எண்களை எனக்குத் தெரியாதா. அக்கா, அந்த எட்டு நாளும் நான் கீழே இறங்கவே இல்லை. பரீட்சை வாரம். அலாரம் அடித்தது உண்மை, அதை அணைத்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டேன். கடைசி நாள் எட்டையும் ஒரே மூச்சில் எழுதினேன். பத்து, இருபது என்று போட்டால் பொய் போலத் தெரியும் என்று பதினேழு, இருபத்து மூன்று என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். மழை பெய்ததே எனக்குத் தெரியாது, அவ்வளவு நல்ல தூக்கம்.

"ஒரு வீட்டுக் கணக்கு புளுகுன்னா மத்த ஆறு வீட்டையும் எப்படி நம்பறது சார்? மொத்தத்தையும் நிராகரிக்கணும், எழுதினவங்க தெரிஞ்சே மறைச்சிருக்காங்கன்னு எழுதப்போறேன்" என்றார் சிவப்புப் பேனா அக்கா. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எண்ணு பொருந்தலை, அது உனக்குத் தெரியும். ஏன் பொருந்தலைன்னு தெரியாது. தெரிஞ்ச வரைக்கும் எழுதும்மா. மூல நோட்டைக் காட்டுங்கன்னு கேளு" என்றார். "மரியாதையா கேட்டா தப்பிச்சுடுவாங்க சார்" என்று அந்த அக்கா விடவில்லை. "தப்பே பண்ணாதவங்களா இருந்தா? நீ எழுதறதை அவங்க தனியா உக்காந்து படிப்பாங்க" என்றார் அப்பா. அந்த அக்கா அந்த வரியை அடித்துவிட்டுக் கேள்வியாக எழுதினார். எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. உன் கட்டுரையை அவரைப்போல வேறு யாரும் அவ்வளவு கவனமாகப் படித்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் போன பிறகு அப்பா சாப்பிடவே இல்லை. "எண்ணினவங்க தப்பா, எழுதினவ தப்பான்னு தெரியலையே" என்று அடுக்களையில் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "நம்ம பெரியவ அப்படிப்பட்டவ இல்லைங்க" என்றாள் அம்மா. "எனக்கும் தெரியும். ஆனா அதைச் சொன்னா நான் மதிப்பீட்டாளர் இல்ல, வெறும் அப்பன்" என்றார். "அப்பனா இருந்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்று அம்மா சத்தம் போட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நம்ம சின்னது எண்ணினதாவது சரியா இருக்கும், பாவம், தினமும் அலாரம் வெச்சு எழுந்தாளே" என்றாள். நான் தட்டை மூடிவைத்துவிட்டு என் அறைக்கு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தேனீக்களை எண்ணி எழுத நீ கொடுத்த அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் நிஜமாக எண்ணிய நாட்களில் பனி ஈரம் பட்டு மை கலைந்திருக்கிறது, பூவின் மஞ்சள் தூள் ஒட்டியிருக்கிறது. அந்த எட்டு நாள் மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்தது போல இருக்கிறது. வேறு வேறு பேனாவால் திரும்ப எழுதி, விரலால் தண்ணீர் தொட்டு வைத்தால் யாருக்கும் தெரியாது என்று பேனாக்களை எடுத்து வரிசையாகக்கூட வைத்துவிட்டேன். அரை மணி நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உனக்கு எழுத ஆரம்பித்தேன்.

அந்த எட்டு நாளையும் எடுத்துவிடு அக்கா. மீதி இருபத்திரண்டு நாளும் சத்தியமாக எண்ணியவை. என்னைத் திட்டு, ஆனால் பேசாமல் இருந்துவிடாதே. குளிரில் காதை மூடிக்கொள்ள வேண்டுமாம், பார்சலில் வரும் ஸ்வெட்டரை அளவு பார்க்காமல் துவைக்கக் கூடாதாம், எடுத்த காரியம் உனக்குக் கைகூடும் என்று அம்மா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். இதை எழுதும்போதுதான் உறைக்கிறது, பார்சல் உன்னிடம் வர பத்து நாள் ஆகும், அந்த மூவரின் மதிப்பீட்டுக் குறிப்பு திங்கட்கிழமையே உனக்கு மின்னஞ்சலில் வந்துவிடும். அந்தப் பத்து நாளும் அப்பா உன்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டே சாப்பிடாமல் இருப்பார். உனக்கு எழுதினால் போதாது. நோட்டை அவரிடம் நானே கொடுக்க வேண்டும், காலையில் அம்மா எழுந்திருப்பதற்குள், இல்லை, காலை என்று விட்டால் நான் மறுபடியும்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பாதான். "இன்னும் தூங்கலையாம்மா?" என்கிறார். நோட்டு மடியிலேயே இருக்கிறது அக்கா, அதை எடுத்துக்கொண்டே கதவைத் திறக்கிறேன்.