பாட்டில் மூடியும் வாசல் கதவும்

தூங்குமூஞ்சி வீட்டுக்காரிக்கு,

சாதம் குக்கரில் இருக்கிறது. பத்து மணிக்கு குழாய் ரிப்பேர்காரர் வருவார். சாவி ஆணியில்.

"ஒரு வருஷமாச்சு, இன்னுமா விரல் வலிக்குது?" என்று நேற்று நான் கேட்டதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். வாசல் கதவை நான் சாத்தியபோதுதான் உன் விரல் மாட்டியது, ஒப்புக்கொள்கிறேன். மூட்டு இன்னும் நெல்லிக்காய் மாதிரிதான் வீங்கியிருக்கிறது. ஆனால் மடக்கவே முடியவில்லை என்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது. உனக்குப் பதிலாகப் பாத்திரம் கழுவுகிறவனுக்குச் சந்தேகம் வராதா?

நேற்று ஜாம் பாட்டிலின் சிவப்பு மூடியை வேண்டுமென்றே முழுப் பலத்தோடு இறுக்கி மூடினேன். இன்று காலையில் பார்த்தால் பாதி காலி. வீட்டில் நாம் இரண்டே பேர். பூனையா வந்து திறந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. சாயங்காலம் பேசலாம்.

பி.கு. செருப்பு மாட்டும்போதுதான் பார்த்தேன். வாசல் கதவு இடுக்கில் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. திரும்பி வந்து மூடியைப் பார்த்தேன். கதவிடுக்கில் கொடுத்துத் திருகிய மாதிரி ஓரம் நசுங்கியிருக்கிறது.

புருஷனிடம் கேட்காமல், அந்தக் கதவிடம் போய் உதவி கேட்டிருக்கிறாய்.

பாத்திரத்தைத் தொடாதே. சாயங்காலம் டாக்டரிடம் போவோம். பாட்டிலைத் திறந்தே வைத்திருக்கிறேன்.