கார்பெட் போட்ட மோரிஸ்

3 மார்ச் 2025

இட்லி மாவு பொங்கி மேசையெல்லாம் நாசம். துடைத்துக்கொண்டிருக்கும்போது இவர் கூப்பிட்டார். "உஷா, இங்க வா. இதப் பாரு."

சர்க்கரையால் இடது காலை எடுத்த பிறகு, இவராக என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. ஓடிப்போய்ப் பார்த்தால் போனில் ஒரு பழைய மோரிஸ் மைனர் கார். அசாம் ஜாவா டவுனில் விற்பனைக்கு. பாதி புதுப்பித்தாகிவிட்டதாம், 'சின்னச் சின்ன வேலைதான் பாக்கி'யாம்.

பெயிண்ட் பளபளவென்று இருந்தது. படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கதவு, விளக்கு, சீட் எல்லாம் இருக்கிறது, அடிப்பக்கம் மட்டும் ஒரு படம்கூட இல்லை. உள்ளே தரை முழுக்கப் புதுக் கார்பெட். இஞ்சினைப் பற்றிப் பேச்சே இல்லை. யார் காதில் பூச்சுற்றுகிறான்?

"நல்லா இருக்கு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

5 மார்ச்

ராவாங்கில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் என் அண்ணன் பாலகிருஷ்ணனுக்குப் படங்களை அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"அடியில துரு தின்னுருக்கும்லா. அதான் கார்பெட்ட போட்டு மூடிட்டான். மாப்பிள்ளைகிட்ட சொல்லிடு."

"நீங்களே சொல்லுங்கண்ணே."

"நானா? ஐயோ, ஆள வுடு."

9 மார்ச்

இன்றைக்கு ஷேவ் பண்ணிக்கொண்டார். இன்னொரு தோசை கேட்டார். வாய் ஓயாமல் மோரிஸ் புராணம்தான். ஒரு படத்தில் மூன்று பெடல் தெரிகிறது — கிளட்சை எந்தக் காலால் மிதிப்பாராம்? கேட்க எனக்கு வாய் வரவில்லை.

14 மார்ச்

வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் என்று, காரை நேரில் பார்க்காமலே முன்பணம் அனுப்பிவிட்டார். நான் என்ன பண்ணுவேன், முருகா?

22 மார்ச்

லோரியில் வந்து இறங்கியது. சந்தனம், குங்குமம் வைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டி கிளம்பினால்தானே? இவர் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடிக்க, அண்ணன் பின்னாலிருந்து தள்ளித்தான் பழம் நசுங்கியது. பிறகு அண்ணன் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து கார்பெட்டைத் தூக்கினார். தரையே இல்லை. எங்கள் வாசல் சிமெண்டு தெரிந்தது.

என்னால் அடக்க முடியவில்லை. "எனக்கு அப்பவே தெரியுங்க. வாய மூடிக்கிட்டு இருந்துட்டேன், பாவி நான்!"

"எனக்குந்தான் தெரியும்" என்றார். "போட்டோவுலயே தெரிஞ்சிச்சு."

"அப்புறம் எதுக்கு வாங்குனீங்க?"

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"ஓடுற காரா இருந்தா, ஏன் ஓட்டலன்னு எல்லாரும் கேப்பாங்கல்ல."