பாமினியில் சொன்ன எல்லை

பரந்தன்
பங்குனி 9

அன்பு மகன் அஜந்தனுக்கு,

நானும் உன் தங்கச்சி தனுஷாவும் சுகம். நீயும் மருமகள் கஜனியும் நோர்வேக் குளிருக்குள் சுகமாயிருக்க வேணும் என்று பிள்ளையாரைக் கேட்டுக்கொண்டுதான் பேனையை எடுத்தேன், ஏனென்றால் இதை வாசித்து முடிக்க உனக்குத் தெம்பு வேணும். போனில் சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் ஒரு வசனம் சொல்ல முதல் நீ பத்து வசனம் விளங்கப்படுத்துவாய். கடிதத்துக்குள் நீ வாய் திறக்க ஏலாது.

தைப்பொங்கலுக்கு வந்து நின்ற மூன்று கிழமையில் என்ன வேலை பார்த்துவிட்டுப் போனாய்? நானும் தனுஷாவும் நெளுக்குளத்துக்குக் கலியாண வீட்டுக்குப் போன ஒரு நாளைக்குள், என் தட்டச்சுக் கடைக் கொம்பியூட்டரில் பன்னிரண்டு வருசமாய் இருந்த விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்டாய். என்னடா இது என்று கேட்டதற்கு, "அம்மா, இது இலவசம், எல்லாருக்கும் சொந்தம், இனி உங்களை ஒருத்தரும் பூட்டி வைக்கேலாது" என்று மேடையில் பேசுகிற மாதிரிப் பேசினாய். என்னை ஆர் பூட்டி வைத்தது? எல்லாருக்கும் சொந்தமான சாமானைப் போடும்போது, கொம்பியூட்டருக்குச் சொந்தக்காரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? இருந்தது கள்ள விண்டோஸ் என்றாய். சரி, கள்ளம்தான், ஆனால் அது தமிழ் அடித்தது, அதில் அடித்துத்தான் உன்னைப் படிப்பித்தேன். இதில் வைரஸ் வராது என்றாய். அது உண்மை, வைரஸ் வரவில்லை, வாடிக்கைக்காரரும் வரவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிறு காலை முரசுமோட்டை அமராவதி அக்கா வந்தா. அவவின் மனுசன் மூக்கன் அண்ணை, எழுபத்தேழில் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் காணி திருத்தினவர், போன வருசம் செத்துப்போனது உனக்குத் தெரியும். அவர் கண் மூடினதும் பக்கத்துக் காணிக்காரன் வேலியை உள்ளே தள்ளிப் போட்டுவிட்டான், திங்கட்கிழமை காணிக் கந்தோரில் விசாரணை. எல்லை எங்கே என்று அக்காவுக்குச் சொல்லத் தெரியாது, அண்ணைக்குத்தான் தெரியும். அவர் இருந்த காலத்தில் என் கடைக் கதிரையில் இருந்து நாலு பக்கத்து எல்லையையும் சொல்லச் சொல்ல, நான்தான் அடித்துக் கொடுத்தேன். அந்தத் தாள் வெள்ளத்தோடு போய்விட்டது. "ஒங்க பெட்டிக்குள்ள இருக்குல்ல தங்கச்சி" என்று நம்பி வந்தா.

திறந்தால் முழுக்க இங்கிலீசு எழுத்து, நடுவில் நடுவில் கமா, அரைப்புள்ளி. "இங்கிலீசுல மாத்திட்டாங்களா?" என்று அக்கா கேட்டா. இங்கிலீசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உனக்கு எடுத்தால் போன் வேலை செய்யவில்லை, நீ பனிக்குள் கூடாரம் அடிக்கப் போயிருந்தாய். பென்டிரைவைக் கொண்டு முத்துலிங்கத்தின் கொம்பியூட்டர் கடைக்கு ஓடினேன், ஞாயிறு, பூட்டு. திரும்பி வந்து அந்தக் கொம்பியூட்டருக்கு அடிக்கக் கை ஓங்கினேன், உண்மையாய்ச் சொல்கிறேன், உன் முகத்தை நினைத்துத்தான் ஓங்கினேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. எண்கள் எண்களாகவே நின்றன, காணிப் பெர்மிட் இலக்கம் சரி. மற்றதெல்லாம் அன்றைக்கு என் விரல் தட்டின கீகள். எம் என்றால் அ, ஜி என்றால் ப, கே என்றால் ம. அந்தக் கீகளைத் தமிழாய்க் காட்டுகிற பாமினி எழுத்துருவை நீ போட மறந்துவிட்டாய், அவ்வளவுதான். கண்ணால் வாசிக்க வரவில்லை, வெறும் மேசையில் விரலைத் தட்டித் தட்டி, எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று பிடித்துப் பேனையால் எழுதினேன். ஒன்றரைப் பக்கத்துக்கு மூன்று மணித்தியாலம். "வடக்கால பாலமரம், கெழக்கால நாம வெட்டுன வாய்க்கா" என்று நான் வாசிக்க, அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. "அவரு பேசுற மாதிரியே இருக்கு" என்றா. எனக்கும் அழுகை வந்தது, உன்னில் ஆத்திரம் அதைவிட வந்தது.

நான் பேனையால் எழுதின தாளைக் கந்தோரில் ஏற்றுக்கொண்டார்கள், அடுத்த கிழமை காணிக்கே வந்து பார்த்தார்கள். பாலை மரத்தின் அடிக்கட்டை சொன்ன இடத்தில் இருந்தது, வேலி பின்னுக்குப் போனது. இதைப் போனில் சொல்லத் தொடங்கினதுமே நீ, "எழுத்துரு போட ரெண்டு நிமிசம் அம்மா, அப்ப பிரச்சினை முடிஞ்சுதுதானே" என்று சிரித்தாய். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதம்.

முடியவில்லை, தம்பி. அந்தப் பெட்டிக்குள் இப்படி முந்நூறுக்கு மேல் கிடக்கிறது. காணி சொன்னவர்கள், காணாமல் போன பிள்ளையைப் பற்றிச் சொன்னவர்கள், பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. இனி வருகிற மெசின் ஒன்றிலும் பாமினி இராது என்று நீயே சொன்னாய். அப்போது அதை வாசிக்க இருக்கிறது என் பத்து விரல்தான். எனக்கு அறுபத்திரண்டு வயது, வலது கைச் சின்ன விரல் இப்போதே மடங்குதில்லை. பூட்டு, பூட்டு என்று எனக்குப் படிப்பித்தாயே, அந்தச் சனத்தின் வாய் முழுக்க என் கைக்குள் பூட்டிக் கிடக்கிறது. உன் சுதந்திரத்தை அங்கே காட்டு. அடுத்த லீவுக்கு வந்திருந்து, ஒவ்வொன்றாய், எந்தக் கொம்பியூட்டரிலும் ஆரும் வாசிக்கிற எழுத்துக்கு மாற்றித் தா. அதுவரைக்கும் லினக்ஸ் என்ற சொல்லை என் வாசலில் எடுக்காதே.

பிள்ளையார் உன்னையும் கஜனியையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றை மட்டும் மறக்காதே. மாற்றும்போது எழுத்துப்பிழை என்று உனக்குப் படுகிற எதையும் திருத்தாதே. சொன்ன ஆட்களிடம் இனிக் கேட்டுப் பார்க்க ஏலாது.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உன் அம்மா
ஞானேஸ்வரி