ஸ்டெல்லா அக்காவின் இரண்டு ஹாரன்

என் அன்பு ஸ்டெல்லா அக்கா,

டிரையத்லானுக்கு இன்னும் பதினொரு நாள்தான். நீந்த வேண்டும், சைக்கிள் மிதிக்க வேண்டும், அதற்கு மேல் ஓடவும் வேண்டும். என்னைக் கேட்காமலேயே என் பெயரையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்களே, இந்தக் கூத்துக்கு யார் பொறுப்பு?

நீங்கள் போன பிறகுதான் பயிற்சிக்கே போகிறேன். தாகமெடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதை. புக்கிட் ரம்பாய் திடலில் நம் தொழிற்சாலை ஆட்கள் ஆறு பேரும் வட்டமாக நிற்கிறோம். குந்தி எழும்போது ஆளுக்குப் பத்தாக எண்ண வேண்டும். உங்கள் முறை வந்தால் ஏழிலிருந்து பத்துக்குத் தாவிவிடுவீர்களாமே?

இன்னமும் உங்கள் முறையை யாரும் விடுவதில்லை. "இது ஸ்டெல்லாவோட பத்து! அஞ்சு, ஆறு, ஏழு, பத்து!" என்று முனியாண்டி அண்ணன் கத்துகிறார். எல்லாரும் சிரித்துப் புல்லில் சாய்கிறோம். எனக்கு மட்டும் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. இதற்குத்தானே என்னை அத்தனை வாரம் கூப்பிட்டீர்கள்?

சனிக்கிழமை தவறாமல், காலை ஆறரைக்கு வாசலில் உங்கள் மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். நான் போர்வையை இழுத்துக்கொண்டு, "ஓவர்டைம் போயிட்டேன்னு சொல்லுங்க" என்று வீட்டுக்காரரை அனுப்புவேன். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மருத்துவமனைக்குப் போனீர்கள். நான்காம் நாள் பெட்டியில் வந்தீர்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும்தான் என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். "ஒன் மோட்டாரு வெளியதான நின்னுச்சு. அக்கா அதப் பாத்துட்டுத்தான் போவாங்க. 'பரவால்ல லா தம்பி, அசதியா இருப்பா, எழுப்பாதீங்க'ன்னு சொல்லுவாங்க."

அசதி இல்லை அக்கா. சோம்பேறித்தனம். இந்த உடம்போடு நாலு பேர் முன்னால் ஓட வெட்கம் வேறு. அதை உங்களிடம் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். ஏன் சொல்லாமல் போனேன்?

கேன்டீனில் ஒரு நாள் நீங்கள் சொன்னதுதான் இப்போது என்னைத் தூங்க விடுவதில்லை. "எனக்குத் தண்ணின்னா பயம்டி கலா. நீ பக்கத்துல வந்தா போதும், நான் நீந்திருவேன்." விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று மீ கோரெங் நூடுல்ஸைத் தின்றுகொண்டிருந்தேன். நீச்சல் குளத்தில் நீங்கள் கடைசி வரை ஆழத்துப் பக்கம் போகவே இல்லை என்று அண்ணன் சொல்கிறார். நானும் ஆழத்தைப் பிரிக்கும் அந்தக் கயிறு வரை போய்த் திரும்பிவிடுகிறேன். உங்களுக்குத் துணை வேண்டியிருந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் போட்டு வைத்த திட்டப்படி முதல் நாள் மாலை சர்ச் பூசைக்கு உங்கள் இடத்தில் நான் போய் உட்காருவேன். எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது, சும்மா உட்காருவேன். மறுநாள் முழுவதையும் முடிப்பேனா தெரியாது. ஆனால் அந்தக் கயிற்றைத் தாண்டுவேன், இது சத்தியம். ஆறரைக்கு முன்பே காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே நிற்பேன். நீங்கள் ஹாரன் அடிக்க வேண்டியதில்லை அக்கா.

இனி ஓவர்டைம் இல்லாத உங்கள் தங்கச்சி,
கலா